பள்ளிக்கூடம் எப்படிப் பொருளாதாரம் ஆகிறது?

படித்தால் நல்ல வேலை கிடைக்கும் என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் அம்மாவுக்கு இது நன்றாகவே தெரியும். ஒரு வீட்டைப் பொறுத்தவரை கணக்கும் எளிது. படித்த பிள்ளை மாதச் சம்பளத்துக்குப் போகிறது, கடன் அடைகிறது, கூரை வீடு தளம் போட்ட வீடாகிறது.

ஆனால் இதே கணக்கு ஒரு நாட்டுக்குச் செல்லுமா? ஓர் அரசு வேலைக்கு நூறு பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நூறு பேரையும் பட்டதாரி ஆக்கினாலும் வேலை ஒன்றுதான். தேரோட்டக் கூட்டத்தில் ஒருவர் திண்ணைமேல் ஏறி நின்றால் அவருக்குச் சாமி தெரியும். எல்லோரும் ஏறிவிட்டால் பழையபடி யாருக்கும் தெரியாது.

"கல்வி பொருளாதார வளர்ச்சிக்கு உதவுகிறது" என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். மேலே உள்ள கேள்விக்குப் பதில் சொன்னால்தான் அந்த வரிக்குப் பொருள் உண்டு. இருக்கிற வேலையை யாருக்குக் கொடுப்பது என்று வடிகட்ட மட்டும் கல்வி பயன்பட்டால் நாடு ஓர் அடி கூட நகராது. செய்கிற வேலையையே கல்வி மாற்றினால் நாடு வளரும். உலகில் இரண்டுமே நடக்கின்றன. எது எப்போது நடக்கிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஒரு லேத் பட்டறைக்குள்

கோயம்புத்தூர்ப் பக்கம் மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் (சுழலும் தண்டு) கடையும் ஒரு சிறிய பட்டறையை எடுத்துக்கொள்வோம். அங்கே கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. லேத்தில் நிற்பவர் கையில் ஒரு டிராயிங் இருக்கும். ஷாஃப்டின் விட்டம் 25 மில்லிமீட்டர், அதில் 0.02 மில்லிமீட்டர் வரை குறையலாம், கூடக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். கடைந்த முதல் ஜாப்பை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் ஓட்டத் தொடங்குவார். ஓட ஓட வெட்டும் முனை தேயும். அது தேயத் தேய ஷாஃப்டின் விட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். அவர் நடுநடுவே அளந்து பார்த்து, எவ்வளவு கூடியிருக்கிறதோ அதற்கேற்ப இயந்திரத்தில் ஆஃப்செட் (திருத்த அளவு) கொடுக்க வேண்டும். கூட்டல் போட வேண்டிய இடத்தில் கழித்தல் போட்டாலோ, 0.02 என்பதை 0.2 என்று அடித்தாலோ, அடுத்து வருகிற ஜாப் எல்லாம் ரிஜெக்ட்.

இதில் பெரிய பட்டப்படிப்பு எதுவும் இல்லை. தசம எண், குறை எண், ஒரு படத்தைப் பார்த்து முழுப் பொருளை மனத்தில் கொண்டுவருவது, எழுதியிருப்பதை அப்படியே படித்து நடப்பது. ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் சொல்லித்தருகிற விஷயங்கள்தான் பெரும்பாலும். அப்புறம் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடப் பயிற்சி. ஆனால் அந்தத் தசமப் புள்ளி பிடிபடாதவரை அதே இயந்திரத்தில் நிறுத்தினால், இயந்திரத்தின் விலையே வீண்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஷாஃப்ட் ஒரு நூலளவு தடித்தால் பேரிங் ஏறாது. மெலிந்தால் பேரிங் ஆடும், மோட்டார் சத்தம் போடும், சூடாகும். சரியாகக் கடைந்தால் அந்தப் பம்பு எங்கோ ஒரு கிணற்றில் பல வருடம் தண்ணீர் இறைக்கும். லேத்தில் நிற்பவர் தெரிந்துவைத்திருக்கிற கணக்கினால் அவருக்குச் சம்பளம் கிடைக்கிறது. பட்டறைக்காரருக்கு ஆர்டர் நிலைக்கிறது. முகம் தெரியாத ஒரு விவசாயிக்குப் பம்பு ரிப்பேர்ச் செலவு மிச்சமாகிறது. இங்கே படிப்பு வேலையைப் பங்கு போடவில்லை. செய்யும் பொருளின் தரத்தையே உயர்த்துகிறது. திண்ணைக் கணக்கு செல்லாமல் போகும் இடம் இதுதான்.

பொருளாதாரத்தில் இதற்கு மனித மூலதனம் என்று பெயர். இயந்திரம், கட்டடம், சாலை போல மனிதருக்குள் இருக்கும் அறிவும் திறமையும் உடல்நலமும்கூட வருமானம் தரக்கூடிய முதலீடுதான் என்பது கருத்து. 1960களில் இதை வலியுறுத்திப் பரப்பியவர்கள் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் தியோடர் ஷுல்ட்ஸும் கேரி பெக்கரும். ஷுல்ட்ஸுக்கு 1979இலும் பெக்கருக்கு 1992இலும் நோபல் பரிசு கிடைத்தது. மனிதரை மூலதனம் என்று சொல்வது எனக்கு அவ்வளவு பிடித்தமான பேச்சு இல்லை. ஒரு குழந்தை படிக்க வேண்டும் என்பதற்கு அது குழந்தை என்பதே போதும். ஆனாலும் நிதியமைச்சரிடம் பள்ளிக்குப் பணம் கேட்கும்போது, "இது செலவு இல்லை, முதலீடு" என்று சொல்ல இந்தக் கருத்து ஒரு பிடி கொடுத்தது. அதை மறுக்க முடியாது.

புதிது வரும்போதுதான் படிப்பு வேலை செய்கிறது

ஷுல்ட்ஸ் வேளாண்மைப் பொருளாதாரத்திலிருந்து வந்தவர். அவர் கவனித்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அப்பாவும் தாத்தாவும் செய்த அதே விவசாயத்தை அதே விதையோடு செய்ய எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. அனுபவமே போதும். அதில் அவர்களை மிஞ்ச யாராலும் முடியாது. ஆனால் புது விதை, புது உரம், புது விலை, புது இயந்திரம் என்று ஏதாவது மாறும்போது பழைய அனுபவம் மட்டும் கைகொடுக்காது. அப்போது படிப்பு உதவிக்கு வருகிறது.

பசுமைப் புரட்சிக் காலத்தில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. 1960களின் பிற்பகுதியில் இந்தியாவுக்குள் அதிக விளைச்சல் தரும் கோதுமை, நெல் ரகங்கள் வந்தன. ஆண்ட்ரூ ஃபாஸ்டர், மார்க் ரோசன்ஸ்வைக் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் காலத்து இந்தியக் கிராமங்களின் புள்ளிவிவரங்களைப் பிற்பாடு ஆராய்ந்து பார்த்தார்கள். புது ரகம் நன்றாக எடுபட்ட பகுதிகளில், தொடக்கப் பள்ளி முடித்த விவசாயிகள் படிக்காதவர்களைவிட அதிக லாபம் பார்த்திருந்தார்கள். அதே பகுதிகளில் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் கூடியது. புதிது எதுவும் வராத பகுதிகளில் படிப்பினால் கிடைத்த கூடுதல் லாபம் அவ்வளவாக இல்லை.

ஏன் என்பதற்கு ஒரு யூரியா மூட்டையைப் பார்த்தால் போதும். மூட்டை 45 கிலோ. மேலே நைட்ரஜன் 46 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அப்படியானால் ஒரு மூட்டையில் நைட்ரஜன் இருப்பது ஏறத்தாழ 20.7 கிலோதான். வேளாண்மை அலுவலர் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், என்று பரிந்துரைக்கிறார். விவசாயியிடம் இருப்பதோ ஒன்றரை ஏக்கர். ஹெக்டேரை ஏக்கராக்கி, சதவீதத்தை மூட்டையாக்கி, அதை மூன்று தவணையாகப் பிரிக்க வேண்டும். கணக்கு தெரியாவிட்டால் பக்கத்து வயலில் போட்ட அளவைக் கேட்டுப் போடுவார், அல்லது உரக்கடைக்காரர் சொல்கிற அளவைப் போடுவார். கடைக்காரர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து, பூச்சி விழுந்து, காசும் போய்விடும்.

சதவீதக் கணக்கு தெரிந்த ஒருவர் அந்தத் தெருவில் இருந்தால் போதும், அவரைப் பார்த்து நாலு பேர் சரியாகப் போடுவார்கள். படிப்பின் பலன் படித்தவரைத் தாண்டி இப்படித்தான் கசிகிறது. இந்தப் பங்கு யார் சம்பளத்திலும் தெரியாது. அதனால்தான் கல்வியைச் சந்தையிடம் மட்டும் விட்டுவிட முடியாது. தன் பிள்ளைக்கு வரும் வருமானத்தை மட்டும் கணக்கிட்டுப் பெற்றோர் செலவு செய்தால், ஊருக்குத் தேவைப்படும் அளவைவிடக் குறைவாகத்தான் படிப்பு கிடைக்கும். மீதியைப் பொதுப்பணம்தான் போட வேண்டும்.

தமிழ்நாட்டில் நடந்தது

இதைத் தமிழ்நாட்டு வரலாற்றில் வைத்துப் பார்ப்போம். 1951இல் இந்த மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். 1953இல் ராஜாஜி அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகளுக்குப் பாதி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது.

அந்தத் திட்டத்தின் சமூக அநியாயத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். பொருளாதாரக் கண்ணோடு பார்த்தாலும் அது தவறுதான். ஷுல்ட்ஸ் சொன்னதை நினைத்துப் பாருங்கள். அப்பாவின் தொழிலை அப்பாவைப் போலவே செய்வதற்குப் பிள்ளையைத் தயார்செய்வது, எதுவும் மாறாத உலகத்துக்கான ஏற்பாடு. வரப்போவதோ எல்லாம் மாறும் காலம்.

அதன்பின் வந்த ஆண்டுகளில் பள்ளி இல்லாத ஊர்களுக்குப் பள்ளி போனது. 1956இல் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்த வழிவகுத்தார். அரசிடம் பணம் போதவில்லை. ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்தார்கள், கூரை போட்டார்கள், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், அரிசி என்று கொண்டுவந்து குவித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேர் கொடுத்த பணம் அது. எந்த முதலீட்டுப் புத்தகத்திலும் அது பதிவாகவில்லை.

மதிய உணவு ஏன் பொருளாதார விஷயம்? ஏழைக் குடும்பத்தில் ஒரு குழந்தை பள்ளிக்கு வந்தால், மாடு மேய்த்தோ தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டோ அது வீட்டுக்குச் செய்த உதவி போய்விடும். கட்டணம் இல்லாவிட்டாலும் படிப்புக்கு விலை உண்டு என்பது இதுதான். ஒரு வேளைச் சோறு அந்த இழப்பில் ஒரு பங்கை ஈடுகட்டியது. பசியோடு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பது தனி. 1982இல் எம்.ஜி.ஆர். இதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு வந்தது. கட்சி மாறினாலும் சோறு நிற்கவில்லை. ஆட்சிக்கு ஆட்சி போட்டி போட்டுக்கொண்டு வளர்த்தார்கள், அது நல்ல போட்டி.

இந்தக் கதையில் அடிக்கடி விட்டுப்போகும் பாதி ஒன்று இருக்கிறது. பள்ளிகள் பரவிய அந்த 1950, 60களில்தான் கிண்டியிலும் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் வந்தன. திருச்சியில் பாய்லர் ஆலை, நெய்வேலியில் நிலக்கரி, ஊர் ஊராகப் பாலிடெக்னிக்குகள். ஆர். வெங்கட்ராமன் தொழில்துறையைக் கவனித்துக்கொண்டிருந்தார். கோவையில் இது இன்னும் முன்பே தொடங்கிவிட்டது. பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926இலேயே ஒரு தொழிற்கூடத்தோடு சேர்ந்த தொழிற்பயிற்சி நிலையம் தொடங்கியது, 1951இல் பொறியியல் கல்லூரி. பள்ளியும் பட்டறையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வளர்ந்தன. பத்தாவது முடித்துவிட்டு வெளியே வந்த பையனுக்குப் போக ஓர் இடம் இருந்தது. பட்டறைக்காரருக்கு டிராயிங் படிக்கத் தெரிந்த ஆள் கிடைத்தார்.

இதற்குப் பலன் வர எவ்வளவு காலம் ஆனது என்று பாருங்கள். 1956இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை எழுபதுகளின் தொடக்கத்தில் ஆசிரியராகவோ எழுத்தராகவோ ஃபிட்டராகவோ ஆகியிருக்கும். அதன் பிள்ளைகள் எண்பதுகளில் பள்ளியில். அப்போது தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளும் திறக்கத் தொடங்கின. அந்தப் பிள்ளைகள் டிப்ளமோவோ பொறியியலோ முடித்து வெளியே வந்த சமயத்தில், 1996இல், ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் காலூன்றியது. 1998இல் கார் வெளியே வந்தது. துறைமுகம் பக்கத்தில் இருந்தது, உதிரிபாகம் செய்பவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள், அரசு சலுகை கொடுத்தது, எல்லாம் உண்மை. ஆனால் ஆயிரக்கணக்கான டெக்னீசியன்களை ஒரே நாளில் துறைமுகத்தில் இறக்குமதி செய்ய முடியாது. அவர்களைச் செய்ய நாற்பது வருடம் ஆகியிருந்தது.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் வரும் நாட்டில், நாற்பது வருடம் கழித்துப் பலன் தரும் செலவைச் செய்ய மனம் வருவது எளிதில்லை. செய்தவர்களை நாம் இன்னும் நினைவில் வைத்திருப்பது நியாயம்தான்.

பெண் படித்தபோது

கல்வியினால் வரும் வளர்ச்சியில் பெரும் பங்கு பெண்கள் வழியாக வருகிறது. அதிலும் ஒரு பகுதி சம்பளக் கணக்கிலேயே வராது.

எட்டாவதோ பத்தாவதோ படித்த பெண்ணுக்குக் கல்யாணம் கொஞ்சம் தள்ளிப்போகிறது. முதல் குழந்தை தள்ளிப்போகிறது. எத்தனை குழந்தை என்பதில் அவள் பேச்சு எடுபடுகிறது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்து, அத்தனை தண்ணீரில் கலந்து கொடுக்கிறாள். தடுப்பூசி அட்டையில் அடுத்த தேதியைப் பார்க்கிறாள். 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு குழந்தைகள். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 1.8. பள்ளி மட்டும் இதைச் செய்யவில்லை. கிராமச் செவிலியர்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் பேருந்தும் பெரியார் இயக்கத்தின் பிரசாரமும் சேர்ந்து செய்தன. ஆனால் செவிலியராகப் போகவே ஒரு தலைமுறைப் பெண்கள் முதலில் படிக்க வேண்டியிருந்ததே!

குழந்தைகள் குறைந்ததால் ஒரு குழந்தைக்குச் செலவிட வீட்டிடமும் அரசிடமும் அதிகப் பணம் இருந்தது. மக்கள்தொகையில் உழைக்கும் வயதினரின் பங்கு கூடியது. இதைப் பொருளாதார நூல்களில் மக்கள்தொகை ஈவு என்று சொல்வார்கள்.

இதற்கு அரசு போட்ட கொக்கி ஒன்றைச் சொல்ல வேண்டும். 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. ஆனால் பெண் எட்டாவது வரை படித்திருந்தால்தான் பணம். பின்னால் அது பத்தாவது ஆனது. கல்யாணத்துக்கென்று தரும் பணத்தை வைத்தே கல்யாணத்தைத் தள்ளிப்போட வைத்தார்கள். 2022இல் திருமண உதவியை நிறுத்திவிட்டு, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டமாக மாற்றினார்கள். கல்யாணத்தை நடுவில் வைக்காமல் படிப்புக்கே நேரடியாகக் கொடுப்பது எனக்கு இன்னும் சரியாகத் தோன்றுகிறது.

இந்தியாவில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 43 பேர் தமிழ்நாட்டில்தான் இருந்தார்கள் என்று 2019–20 ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு காட்டியது. பன்னிரண்டாவது முடித்த கிராமத்துப் பெண்கள் செல்போன் கோக்கும் அசெம்பிளி லைனில் நிற்கிறார்கள். சம்பளமும் விடுதியும் வேலை நேரமும் இன்னும் எவ்வளவோ மேம்பட வேண்டும். பட்டம் வாங்கியும் வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருக்கும் பெண்களும் ஏராளம். பத்துப் பதினைந்து வருடம் படிக்க வைத்து, பிறகு குழந்தை காப்பகமும் பாதுகாப்பான பேருந்தும் இல்லாமல் அந்தப் படிப்பை அலமாரியில் பூட்டி வைப்பது நாம் தெரிந்தே செய்யும் நஷ்டம்.

இது உண்மைதான் என்று எப்படித் தெரியும்?

கேள்வி நியாயமானது. படித்தவர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பதாலேயே படிப்புதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் படிக்கிறார்கள், அவர்கள் படிக்காவிட்டாலும் அப்பாவின் தயவில் சம்பாதித்திருப்பார்கள் என்றும் வாதிடலாம்.

இதைப் பிரித்துப் பார்க்க இந்தோனேசியா உதவியது. 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது. அந்நாட்டு அரசு அந்தப் பணத்தில் ஐந்தாறு வருடத்துக்குள் 61,000க்கும் அதிகமான தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. பள்ளி குறைவாக இருந்த மாவட்டங்களுக்கு அதிகப் பள்ளி. எஸ்தர் டுஃப்லோ என்ற பொருளாதார அறிஞர் (2019இல் நோபல் பரிசு பெற்றவர்) இதைப் பல வருடம் கழித்து ஆராய்ந்தார். பள்ளி வந்தபோது ஒரே மாவட்டத்தில் சிலர் ஐந்து வயதுக் குழந்தைகள், சிலர் பதினைந்து வயதுப் பிள்ளைகள். பதினைந்து வயதுக்காரர்களுக்குப் புதுப் பள்ளியால் பயனில்லை, வயது தாண்டிவிட்டது. மண் ஒன்று, ஊர் ஒன்று, பள்ளி கிடைத்த வயதுதான் வேறு. பள்ளி அதிகமாகக் கட்டிய மாவட்டங்களையும் குறைவாகக் கட்டியவற்றையும் இந்த இரு வயதினரை வைத்து ஒப்பிட்டார். பள்ளி கிடைத்தவர்கள் அதிக வருடம் படித்திருந்தார்கள், பெரியவர்களானதும் அதிகம் சம்பாதித்தார்கள். கூடுதல் படிப்பே கூடுதல் வருமானத்தைத் தந்தது என்பதற்கு இது வலுவான சான்று. உலக அளவில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், கூடுதலாகப் படிக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் வருமானம் சராசரியாக 9 சதவீதம் போல உயர்கிறது.

எங்கே இது பலிக்காது

இலங்கையைப் பாருங்கள். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது 1945இலேயே அங்கே இலவசக் கல்வி வந்துவிட்டது. எழுத்தறிவில், குழந்தைகள் நலனில், ஆயுட்காலத்தில் தெற்காசியாவுக்கே அந்தத் தீவு முன்னோடி. ஆனால் தேயிலை, ரப்பர், தென்னையை நம்பிய பொருளாதாரம் அந்தப் படிப்புக்கு ஏற்ற வேலைகளை உண்டாக்கவில்லை. ஏ லெவல் (நம் பன்னிரண்டாவது போன்றது) முடித்த கிராமத்து இளைஞர்கள் வேலைக்காகப் பல வருடம் காத்துக் கிடந்தார்கள். 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சி நடத்திய ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியவர்களில் பெரும்பாலானோர் இப்படிப்பட்ட படித்த சிங்கள இளைஞர்களே. அதே ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழு ஒன்று அங்கே போய், வேலை வாய்ப்புக்கும் படித்தவர்களின் எதிர்பார்ப்புக்கும் நடுவே விழுந்திருந்த பள்ளத்தைப் பற்றியே ஓர் அறிக்கை எழுதியது.

இலங்கை பள்ளி கட்டியது தவறு என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே குழந்தைகள் சாகாமல் பிழைத்ததற்கே அந்தப் பள்ளிகள் பெரிய காரணம். பட்டறையும் கூடவே வந்திருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். தென்கொரியாவில் அந்த வரிசை பெரும்பாலும் ஒத்துப்போனது. 1960 வாக்கில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் தொடக்கப் பள்ளியில் இருந்தார்கள், அப்போது துணி, சவுரி, ஒட்டுப்பலகை ஏற்றுமதி. அடுத்துத் தொழிற்பள்ளிகள், அப்போது எஃகும் கப்பலும். பல்கலைக்கழகம் எல்லோருக்கும் எட்டியது அதற்கும் பிறகு.

நம் ஊரில் பொறியியல் படிப்பில் நடந்ததும் இந்தப் பொருத்தமின்மைதான். ஒரு கட்டத்தில் தமிழ்நாட்டில் 500க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள். ஆய்வகம் சரியில்லாமல், பாடம் நடத்த ஆள் இல்லாமல் பல கல்லூரிகள் பட்டம் மட்டும் கொடுத்தன. மெக்கானிக்கல் முடித்த பையன் மைக்ரோமீட்டரைப் பிடிக்கத் தெரியாமல் வெளியே வந்தால், அவன் சான்றிதழ் வடிகட்டிதான், வேறொன்றும் இல்லை. பட்டம் திறமையைத் தராவிட்டாலும், யார் கெட்டிக்காரர் என்று முதலாளிக்குச் சைகை காட்ட மட்டும் பயன்படலாம் என்று பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதினார். அதற்கும் பின்னால் நோபல் பரிசு கிடைத்தது. படிப்பு முழுக்கச் சைகை என்றால் அதற்காகக் குடும்பங்கள் கட்டும் லட்சங்கள் எல்லாம் திண்ணையில் இடம் பிடிக்கும் செலவுதான்.

அதைவிடப் பெரிய குறை அடித்தளத்தில் இருக்கிறது. கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கலின்றிப் படிக்கிறார்கள் என்று, குழந்தைகளின் கற்றலை அளந்து பார்க்கும் அசர் கணக்கெடுப்பின் 2018 அறிக்கை சொன்னது. குழந்தை பள்ளியில் இருக்கிறது, வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, படிப்பு மட்டும் இல்லை. எரிக் ஹனுஷெக், லுட்கர் வோஸ்மன் என்ற இருவர் பல நாடுகளின் தேர்வு மதிப்பெண்களையும் வளர்ச்சி விகிதத்தையும் ஒப்பிட்டபோது கண்டதும் இதுவே. நாட்டின் வளர்ச்சியோடு ஒத்துப்போனது குழந்தைகள் எத்தனை வருடம் பள்ளியில் உட்கார்ந்தார்கள் என்பதைவிட, உண்மையில் என்ன கற்றார்கள் என்பதே.

நம்பிக்கை தருவது என்னவென்றால் இதைச் சரிசெய்ய முடியும். கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது தமிழ்நாட்டுக் கிராமத்துக் குழந்தைகள் நிறைய மறந்துபோனார்கள். 2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. ஊரிலேயே இருக்கும் படித்த பெண்கள் தன்னார்வலர்களாக மாலையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் குழந்தைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்னார்கள். பள்ளி திறந்து ஆறே மாதத்தில் இழந்ததில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது, அதில் ஏறக்குறைய கால் பங்குக்கு இந்த மாலை வகுப்புகளே காரணம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. பட்டம் வாங்கி வீட்டில் இருந்த பெண்களின் படிப்பு அங்கே அடுத்த தலைமுறைக்குக் கைமாறியது.

இப்போது விடுபடும் குழந்தை

தமிழ்நாட்டில் 2021–22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், இந்தியச் சராசரி 28.4. பெருமைப்படலாம். ஆனால் படித்த பிள்ளைகள் விட்டுப்போன வேலைகளை இன்று யார் செய்கிறார்கள்? திருப்பூர் பனியன் கம்பெனியில் பீகார், ஒடிசா இளைஞர்கள். திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைகளில் ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வருபவர்கள். பண்டிகை முடிந்து வருவார்கள், மழைக்கு முன்பு திரும்புவார்கள். அந்தப் பருவம் முழுக்கக் குழந்தை அங்கேயும் பள்ளியில் இல்லை, இங்கேயும் இல்லை. அப்பாவும் அம்மாவும் கல் அறுக்கும்போது அது பக்கத்தில் கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும்.

இதற்கும் வழி தேடிப் பார்த்திருக்கிறார்கள். சூளைக்கு அருகிலேயே வகுப்பு, ஒடியா தெரிந்த ஆசிரியர், ஒடிசாவிலிருந்து தருவித்த பாடப்புத்தகம், மதியம் நம் பள்ளியின் சோறு. எல்லாச் சூளைக்கும் அது போகவில்லை. ஊர் திரும்பியதும் அங்குள்ள பள்ளி அந்தக் குழந்தையை விட்ட இடத்திலிருந்து சேர்த்துக்கொள்ள, இரண்டு மாநில அரசுகளும் ஒருவருக்கொருவர் பதிவேட்டைக் கொடுத்து வாங்க வேண்டும். 1956இல் நம் ஊர்க்காரர்கள் அரிசியும் பெஞ்சும் கொண்டுவந்து கொடுத்தது தங்கள் பிள்ளைகளுக்காக. இப்போது கேட்பது, வாக்கு இல்லாத, வேறு மொழி பேசுகிற, ஆறு மாதத்தில் போய்விடுகிற பிள்ளைக்காக. அந்தக் குழந்தைக்கு இப்போது ஆறு வயது என்றால், தசமக் கணக்கு கற்றுக்கொள்ள இன்னும் நான்கைந்து வருடமே இருக்கிறது.